மிச்சம் ஆறு

கரண்டி நுனியில் இருந்த பால் உள்ளே இறங்கவில்லை. கடைவாயில் தேங்கி, கன்னத்து நரைமயிருக்குள் வழிந்து, தலையணைக்கு வந்தது. பிரகதாம்பாள் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி எடுத்தாள்.

வீட்டில் அவளும் கட்டிலில் கிடந்த புருஷன் மலையாண்டியும் மட்டும்தான். மகள் ரஞ்சிதா போன் பேச வாசலுக்குப் போயிருந்தாள். மருமகன் கோபிநாத் ஏதோ மருந்து வாங்க அன்னவாசலுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். மருந்துக்கு இனி வேலை இல்லை என்பது அவருக்கும் தெரியும். புதுக்கோட்டை டாக்டர், "வீட்டுக்குக் கொண்டுபோயிருங்கம்மா. இனி இங்க வச்சுப் பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. கண்கள் மட்டும் அவள் போகும் பக்கமெல்லாம் திரும்பின.

அந்தக் கண்களுக்குத்தான் அவள் இத்தனை காலமும் பயந்தாள். அவை தன்மேல் பட்டதும் சட்டென்று மனசை வேறு எதிலாவது திருப்பிக்கொள்வாள். சீரகம், மிளகு, பூண்டு, பெருங்காயம். ரசத்துக்குப் போடுகிற சாமான்களை வரிசையாக உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பாள். சொல்கிறவரைக்கும் வேறு நினைப்பு வராது. வேறு நினைப்பு இருந்தால்தானே அவர் பார்ப்பார்?

அன்று காலையில் அவள் சீரகம் மிளகு சொல்லவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவர் கண்களை நேராகப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அவரிடம் பேச வாய் தேவையில்லை.

'கேக்குதா? கேக்கட்டும். எங்காத்தா முடியாமக் கெடந்தப்ப ஒனக்குத் தெரியும். போகணும் போகணும்னு நான் அடிச்சுக்கிட்டது அம்புட்டும் தெரியும். தெரிஞ்சே சோத்தப் பெசஞ்சு தின்ன. நீயெல்லாம் ஒரு மனுசனா? ஒன்னோட நான் வாழ்ந்தது வாழ்க்கையே இல்ல. போ. போய்ச் சேரு. எனக்குப் போதும்.'

மனசுக்குள்கூட அவரை அவள் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மலையாண்டியின் வலது கண்ணில் நீர் திரண்டது. மெதுவாகக் காதுப்பக்கம் இறங்கியது. பிரகதாம்பாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நெஞ்சு ஒரு தடவை ஏறியது. இறங்கியது. பிறகு ஏறவில்லை.

ரஞ்சிதா உள்ளே வந்தபோது அம்மா கட்டிலைவிட்டு எட்டி, சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"கேட்டுட்டாருடி" என்றாள் பிரகதாம்பாள்.

ரஞ்சிதாவுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. அப்பாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தவள், "அப்பா" என்று கத்தினாள்.

*

மத்தியானத்துக்குள் ஐஸ் பெட்டி வந்துவிட்டது. தெருமுனையில் பிளெக்ஸும் கட்டிவிட்டார்கள். ரேஷன் கார்டுக்காக எப்போதோ எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டிருந்ததில், மலையாண்டி யாரையோ கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் எல்லாரும் அவரைப் பற்றி ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள். மின்சார வாரியத்தில் மீட்டர் கணக்கு எடுக்கிற வேலை பார்த்தவர். அந்த வட்டாரத்தில் அவர் ஏறாத வாசல்படி இல்லை. கணக்கு எடுக்கப் போன இடத்தில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தால், குடித்துவிட்டு, "ஒரு நம்பர் நெனச்சுக்கங்க" என்பார். அவர் சொல்கிறபடி கூட்டிக் கழித்தால், கடைசியில் மனசில் நிற்கிற எண்ணை அவர் சொல்லிவிடுவார். பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். "மீட்டர்க்காரருக்கு நாக்குல தேவதை இருக்கு" என்று ஒருத்தி சொன்னது அப்படியே ஊரெல்லாம் பரவிவிட்டது.

பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். பிரகதாம்பாளுக்கு அழுகை வரவில்லை.

"பித்துப் பிடிச்ச மாதிரி இருக்கு. அழ வைங்கடி. அழலைன்னா நெஞ்சு அடைச்சுக்கும்" என்றாள் பக்கத்து வீட்டு மூக்காயி.

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே அவளை உட்கார வைத்திருந்தார்கள். கண்ணாடிக்குள் அவருடைய கண்கள் மூடியிருந்தன. அப்போதும் அவள் உள்ளுக்குள் சீரகம், மிளகு, பூண்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நிறுத்தினால் போதும், 'நான்தான் போகச் சொன்னேன், கேட்டு அழுதுட்டுப் போனாரு' என்ற நினைப்பு வந்து நின்றது. செத்தவருக்கும் மனசு கேட்குமோ என்னவோ. யாரிடம் போய் அதைக் கேட்பது?

அவளுக்குக் கல்யாணமாகி வந்த அன்று ராத்திரியே அது ஆரம்பித்துவிட்டது. ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி ஆடு மேய்க்க விட்டிருந்தார்கள். புது வீடு, புது ஆட்கள், புது மாப்பிள்ளை. அவள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மலையாண்டிக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லையோ என்னவோ, "மனசுல ஒரு நம்பர் நெனச்சுக்க. எங்கிட்டச் சொல்லாத" என்றார்.

அவள் பதினொன்று என்று நினைத்தாள். வீட்டில் விட்டுவந்த ஆடுகள் பதினொன்று.

"நெனச்சிட்டியா? அத ரெண்டு மடங்காக்கு. பன்னெண்டக் கூட்டு. பாதியாக்கு. மொதல்ல நெனச்சியே, அந்த நம்பர இதுல கழிச்சுரு."

அவள் சேலைக்குள் கால்விரல்களை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டாள். வாயைத் திறக்கவே இல்லை.

"ஆறு" என்றார் அவர்.

அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தவளைப் பார்த்து அவர் சிரித்தார். "பயந்துட்டியா? நீ மனசுல என்ன நெனச்சாலும் எனக்குத் தெரிஞ்சுரும். பாத்துக்க."

அந்தச் சிரிப்பில் பிரியம் இருந்ததா என்று இப்போது யோசித்தால் இருந்த மாதிரியும் தோன்றுகிறது. ஆனால் அன்று அவளுக்கு ஒன்றுதான் தோன்றியது. பதினொரு ஆட்டையும் இவர் பார்த்துவிட்டார். நம் வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று நாம் நினைத்ததையும் பார்த்திருப்பார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதற்குச் சாட்சி சொன்ன மாதிரியே இருந்தது. "என்ன, ஒங்கப்பன் வீட்டு நெனப்பா?" என்று அவர் கேட்டால் அவள் திடுக்கிட்டுப் போவாள். புதிதாக வாக்கப்பட்டு வந்தவளுக்கு வேறு என்ன நினைப்பு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. ஒரு தீபாவளிக்கு, பச்சையில் ஒரு சேலை எடுத்தால் நன்றாக இருக்கும் என்று வாய்விட்டுக் கேட்டாள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன், எனக்குத் தெரியாதா? கேட்டுத்தான் வாங்கணுமா?" என்றார். அதன்பிறகு அவள் எதையும் கேட்டதில்லை. அவர் கொண்டுவந்தால், தெரிந்து கொண்டுவந்தார். கொண்டுவராவிட்டால், தெரிந்தே கொண்டுவரவில்லை.

ரஞ்சிதா பிறந்து தவழ்கிற சமயத்தில் ஒரு நாள் மளிகைக்கடைக்காரர் அவளைக் கூப்பிட்டார். கடைப் போனில் அவள் அண்ணன் பேசியிருந்தாராம். "ஒங்காத்தாவுக்கு மேலுக்கு முடியலையாம். ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொன்னாரு" என்றார். அவளிடம்தான் சொன்னார்.

மத்தியானம் மலையாண்டி சாப்பிட வந்தார். அவள் எதிரில் ரசச் சட்டியோடு நின்றாள். போகணும், ஆத்தாவைப் பார்க்கணும், இப்பவே போகணும் என்று உள்ளே அது இரைந்துகொண்டிருந்தது. அவ்வளவு சத்தமாக அவள் எதையும் நினைத்ததில்லை. அவர் சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். "உப்புக் கம்மி" என்றார். கையைக் கழுவிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளும் அவள் நினைத்தாள். அதற்கு அடுத்த நாளும் நினைத்தாள். பிறகு சாவுச் செய்திதான் வந்தது. அவர்கள் பஸ் மாறிப் போய் இறங்கியபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரத்தரையில் நின்றுகொண்டு மலையாண்டி அவள் அண்ணனிடம் கேட்டார்: "முடியலைன்னு ஒரு வார்த்த சொல்லியனுப்பக் கூடாதா மச்சான்? எல்லாத்தையும் போட்டுட்டு வந்திருப்பமே?"

"சொன்னனே மாப்ள" என்றார் அண்ணன்.

மலையாண்டி திரும்பி அவளைப் பார்த்தார். அவள் தலையைத் தூக்கவில்லை. என்ன நடிப்பு என்று நினைத்தாள். அதுவும் அவருக்குத் தெரியட்டும் என்றே நினைத்தாள். அவர் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சீரகம், மிளகு, பூண்டு, பெருங்காயம் என்று அவள் சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

வெயில் தாழ்ந்ததும் தூக்கினார்கள். ஆண்பிள்ளை இல்லாததால் மலையாண்டியின் தம்பி ரெங்கசாமி கொள்ளி வைத்தார்.

*

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்து, ஆண்கள் பந்தலுக்கடியில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மொட்டையடித்த தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ரெங்கசாமி நடுவில் இருந்தார். சாவு வீட்டில் முதல் நாள் அழுகை இருக்கும். இரண்டாம் நாள் கதை இருக்கும். டீ வந்தது. ரஞ்சிதா எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தாள். பிரகதாம்பாள் உள்ளே, வாசற்கதவுக்கு இந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தாள். பந்தலில் இருப்பவர்களுக்கு அவள் தெரியமாட்டாள். அவர்கள் பேசுவது அவளுக்குக் கேட்கும்.

"எங்க வீட்டு மீட்டர்ல கடைசி ரெண்டு நம்பரப் பாத்துக்கம்பாரு" என்று பந்தல்கால் ஓரமாக நின்று மூக்காயி சொல்லிக்கொண்டிருந்தாள். "அவரு பாக்கமாட்டாரு, திரும்பி நின்னுக்குவாரு. அதத் திருப்பிப் போட்டு, பெருசுல சின்னதக் கழிக்கச் சொல்லுவாரு. வர்றதுல ஒரு எண்ணத்தான் கேப்பாரு. மத்தத அவரே சொல்லிருவாரு. ஒரு நாளு தப்புனதில்ல. அது சாமி குடுத்த வரம்."

"வரமெல்லாம் இல்லத்தே" என்றாள் ரஞ்சிதா. புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். அழுது வீங்கிய முகத்தில் முதல் தடவையாக ஒரு சின்னத் தெளிவு வந்தது. அப்பாவைப் பற்றிப் பேசுவது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். "இப்ப நாப்பத்தேழுன்னு வச்சுக்கங்க. திருப்பிப் போட்டா எழுபத்துநாலு. என்ன ஆகுது? நாப்பது, நாலாக் கொறைஞ்சுருது. கொறைஞ்சது முப்பத்தாறு. ஏழு, எழுபதாக் கூடிருது. கூடுனது அறுபத்து மூணு. ரெண்டுமே ஒம்போதாம் வாய்ப்பாடுல வர்றது. அப்ப வித்தியாசமும் ஒம்போதாம் வாய்ப்பாடுலதான வரும்?"

"இருபத்தேழு" என்றார் கணக்குப் போட்ட ஒருவர்.

"இருபத்தேழு. ரெண்டும் ஏழும் ஒம்போது. பதினெட்டு, ஒண்ணும் எட்டும் ஒம்போது. நாப்பத்தஞ்சு, நாலும் அஞ்சும் ஒம்போது. ரெண்டும் ஒரே எண்ணா இல்லாட்டி, எந்த நம்பர எடுத்தாலும் அப்படித்தான். நீங்க ஏழுன்னு சொன்னா அப்பா ரெண்டும்பாரு. மீட்டரப் பாக்கவே வேண்டியதில்ல."

"அடப் பாவி மனுசா" என்றாள் மூக்காயி. எல்லாரும் சிரித்தார்கள்.

உள்ளே பிரகதாம்பாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் ஒரு எண்ணைச் சொல்லியிருக்கிறார்கள், அதை வைத்து இவர் மற்றதைச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தாள். நான் எதையும் சொல்லவில்லையே.

"எங்களுக்கெல்லாம் அண்ணன் சொல்லிக் குடுத்திருச்சு" என்று ரெங்கசாமி டீயை உறிஞ்சினார். "சின்ன வயசுலயே. எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அண்ணிக்கு மட்டுந்தான் தெரியாது."

"அம்மாவுக்கா?"

"ஒங்கம்மா அத நெசம்னு நம்பிருச்சுத்தா. மனசுல உள்ளதெல்லாம் அண்ணனுக்குத் தெரியும்னு. நான் ஒரு தடவ கேட்டேன், 'ஏண்ணே, பாவம், சொல்லிரலாம்ல?'ன்னு. 'வேணாம்டா, சொல்லிறாத. வீடு கட்டுப்பாடா இருக்கு'ன்னுச்சு." ரெங்கசாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் ஞாபகம் வந்து துண்டால் கண்ணைத் துடைத்தார். "குசும்பு புடிச்ச ஆளு."

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். ரஞ்சிதா சிரிக்கவில்லை. அவள் கதவுப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ரஞ்சி" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "இங்கிட்டு வா."

*

அவள் உள்ளே வந்ததும், "கதவச் சாத்து" என்றாள் பிரகதாம்பாள்.

"அம்மா, சித்தப்பா என்னமோ வெளையாட்டுக்கு..."

"நான் ஒரு நம்பரும் சொல்லல."

"என்னம்மா?"

"அவருகிட்ட. நான் எதையும் சொல்லல. வாயத் தொறக்கல. அவரா ஆறுன்னாரு." பதினொன்று, ரெண்டு மடங்கு, பன்னிரண்டு, பாதி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். ஒரு எழுத்தைக்கூட அவள் மறந்திருக்கவில்லை. "அது எப்படி?"

ரஞ்சிதா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் இதைக் கேட்டிருக்கிறார்கள். யாரும் இப்படிக் கேட்டதில்லை.

துக்கம் கேட்க வருகிறவர்களுக்காக வெற்றிலைத் தட்டு பாய்க்குப் பக்கத்தில் இருந்தது. ரஞ்சிதா ஒரு வெற்றிலையை எடுத்துத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"இந்த எலைக்குக் கீழ நீ நெனச்ச அளவு பாக்கு இருக்குன்னு வச்சுக்க. எத்தனைன்னு எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துல இதத்தான் எக்ஸ்னு போடுவோம். தெரியாததுக்கு ஒரு பேரு, அவ்வளவுதான்."

"ம்."

"ரெண்டு மடங்காக்கு." இன்னொரு வெற்றிலையைப் பக்கத்தில் வைத்தாள். "இதுக்குக் கீழயும் அதே அளவு. இப்ப பன்னெண்டக் கூட்டணும்." தட்டிலிருந்து கொட்டைப்பாக்குகளை எண்ணி இலைகளுக்குப் பக்கத்தில் போட்டாள். "ரெண்டு எலை, பன்னெண்டு பாக்கு. பாதியாக்கு."

பிரகதாம்பாள் தானே கையை நீட்டினாள். ஒரு வெற்றிலையை எடுத்து அப்பால் வைத்தாள். பாக்கில் பாதியை ஒதுக்கித் தள்ளினாள்.

"மொதல்ல நெனச்ச நம்பரக் கழி" என்றாள் ரஞ்சிதா. "நெனச்ச நம்பர் எது? இந்த எலைதான."

பிரகதாம்பாள் மிச்சமிருந்த வெற்றிலையையும் எடுத்தாள். தரையில் ஆறு பாக்கு கிடந்தது.

வெளியே யாரோ டீத் தம்ளர்களைப் பொறுக்குகிற சத்தம் கேட்டது.

"அப்ப பதினொண்ணு?"

"பதினொண்ணுன்னாலும் ஆறு, ஆயிரம்னாலும் ஆறு. ஒன் நம்பர் என்னன்னு அவருக்குத் தெரியவே வேண்டியதில்லம்மா. அதக் கூட்டச் சொல்லி, பாதியாக்கச் சொல்லி, கடைசில ஒன் கையாலயே கழிக்க வச்சுர்றது. மிஞ்சுறது அவரு குடுத்தது மட்டுந்தான். பன்னெண்டு குடுத்தாரு. அதுல பாதி."

"இருவது குடுத்திருந்தா?"

"நீயே சொல்லு."

"பத்தா?" என்றாள் பிரகதாம்பாள். அவளுக்கே அது வந்துவிட்டது. ரஞ்சிதா தலையை ஆட்டினாள்.

பிரகதாம்பாள் கையிலிருந்த வெற்றிலையைத் திருப்பிப் பார்த்தாள். அதன் முதுகில் நரம்புகள் ஓடின. வேறு ஒன்றும் இல்லை.

"ஒண்ணுமே நெனைக்காம இருந்தா?"

"அப்ப சைபர். ரெண்டு சைபர், பன்னெண்டு. பாதி, ஆறு. அப்பவும் ஆறுதான்."

"நெனைக்காட்டியும் ஆறுதான்" என்று பிரகதாம்பாள் மெதுவாகச் சொன்னாள்.

"எட்டாவது படிக்கிறப்பவே சார் எனக்கு இத போர்டுல போட்டுக் காட்டுனாரு. நான் வந்து அப்பாகிட்டச் சொன்னேன், கண்டுபிடிச்சிட்டேன்னு. சிரிச்சாரு. ஒனக்கும் தெரியும்னுதாம்மா நான் இருந்தேன். நெசமாவே நம்பிட்டு இருந்தியா? இம்புட்டு வருசமா?"

பிரகதாம்பாளுக்கு ஆத்தா செத்த வீடு கண்ணுக்குள் வந்தது. அவள் ஈரத்தரையில் நின்றுகொண்டிருந்தாள். 'ஒரு வார்த்த சொல்லியனுப்பக் கூடாதா மச்சான்?' என்று கேட்டுவிட்டு அவர் திரும்பிப் பார்த்த முகம். அது நடிப்பில்லை. அந்த முகத்தில் இருந்தது, தெரியாமல் போனவனின் திகைப்பு. ரசச் சட்டியோடு நின்ற அன்று, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவிடாமல் முன்னாலேயே அவள் வாயைக் கட்டி வைத்தவரும் அவரேதான். வீடு கட்டுப்பாடாக இருக்கட்டும் என்று. எதற்காக அவரை வெறுத்தாளோ அதை அவர் செய்யவில்லை. அவர் செய்தது அவளுக்கு இத்தனை நாள் தெரியவில்லை. தெரிந்தபோது ஆள் சாம்பலாகிக் கிடந்தார்.

"ரஞ்சி."

"என்னம்மா?"

"போறப்ப அவரு கண்ணுல தண்ணி வந்துச்சு. வலது கண்ணுல."

"ஆமா."

"அது?"

"பக்கவாதம் வந்தவங்களுக்கு அப்படித்தான் ஒழுகிட்டே இருக்கும்னு அந்த நர்ஸம்மா சொன்னாங்கல்லம்மா. அந்தப் பக்கம் இமை சரியா மூடாதுல்ல. நாலு நாளா நான்தான் பஞ்சு வச்சுத் தொடைச்சுவிட்டுட்டு இருந்தேன்." ரஞ்சிதா அம்மாவுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "அழுகை இல்லம்மா அது. நீ அத நெனச்சு வருத்தப்படாத. அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றாள் பிரகதாம்பாள்.

"தெரிஞ்சிருக்காது. நிம்மதியாத்தான் போயிருப்பாரு."

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, கண்ணைப் பார்த்து, உள்ளதை உள்ளபடி அவரிடம் சொன்னாள் அவள். அதைக் கேட்டு அவர் அழுதார் என்று நினைத்துத்தான் நேற்றிலிருந்து பயந்து செத்துக்கொண்டிருந்தாள். இப்போது பயம் போய்விட்டது. அது போன இடத்தில் எதுவும் வந்து உட்காரவில்லை.

"ஏம்மா, அப்ப நீ என்னமோ சொன்னியே. 'கேட்டுட்டாரு'ன்னு. என்னத்தக் கேட்டாரு?"

"ஒண்ணுமில்ல."

தெருவில் வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வேன் கதவு தடதடவென்று திறந்தது. இறங்கும்போதே பெண்கள் குரலெடுத்துவிட்டார்கள். ஆவுடையார்கோவில் பக்கத்து ஆட்கள், அவள் பிறந்த வீட்டார். அவள் அண்ணன் பெண்டாட்டி சொர்ணவல்லியின் குரல் மற்றக் குரல்களுக்கு மேலே ஏறி வந்தது. 'மனசறிஞ்ச மகராசா' என்று அது எடுத்தது.

ரஞ்சிதா அவசர அவசரமாகத் தரையில் கிடந்த பாக்குகளைக் கூட்டி அள்ளித் தட்டில் போட்டாள். வெற்றிலைகளையும் எடுக்கப் போனாள். ஒன்றுதான் அகப்பட்டது. மற்றது அம்மாவின் கையில் இருந்தது.

பிரகதாம்பாள் அதை முழங்காலில் வைத்து முந்தானையால் துடைத்தாள். காம்பைக் கிள்ளினாள். நுனியைக் கிள்ளினாள். நகத்தால் முதுகு நரம்பை உரித்து எடுத்தாள். தட்டை அருகில் இழுத்துச் சுண்ணாம்பு தொட்டுத் தடவினாள். ஒரு பாக்கை எடுத்துக் கடைவாயில் போட்டுக் கடித்தாள். இலையை மடித்து வாய்க்குள் வைத்தாள்.

கதவு திறந்தது. பெண்கள் தலைவிரி கோலமாக உள்ளே வந்து அவளைச் சுற்றிக் குந்தினார்கள். சொர்ணவல்லி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் நெற்றியை வைத்து ஓலமிட்டாள். மற்றவர்கள் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்கள். ஒப்பாரிக்கு எதிர்ப்பாட்டு எடுக்கவேண்டியவள் பிரகதாம்பாள்தான். அவள் எடுப்பாள் என்று எல்லாரும் ஒரு கணம் குரலைத் தாழ்த்திக் காத்திருந்தார்கள்.

பிரகதாம்பாள் கதவு வழியே வெளியே பார்த்தபடி மென்றுகொண்டிருந்தாள்.